ஒரே பேனாவில் ஒரு கட்டிடம்

போன மாதம் எங்கள் மாகாண சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஒரு பிள்ளை என் மூக்கை உடைத்து அனுப்பினாள். சத்தம் போட்டு அல்ல. ஒரு தாளைத் திருப்பிக் காட்டித்தான்.

விசயம் இதுதான். புலம்பெயர்ந்த சனம் நெருங்கி வாழும் சென் ஜேம்ஸ் ரவுணில் நான் இருக்கும் கட்டிடத்தில் மூன்று லிஃப்ட். ஒன்று செத்துக் கன காலம். ஒன்று நினைத்தால் ஓடும். மூன்றாவதை நம்பித்தான் அத்தனை சனமும். பதினாறாம் மாடியில் மன்னாரைச் சேர்ந்த மேரி அன்ரி இருக்கிறார். கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். லிஃப்ட் திருத்தும்வரை இரத்தம் காத்திருக்குமா? குளிர்காலத்தில் இரண்டு தடவை அவரை நாற்காலியில் இருத்தி, நான்கு பேர் படிவழியே தூக்கி இறக்கினோம்.

இரண்டாம் தடவை அவர் சொன்னார்: "தம்பியவை, அடுத்த முறை பெட்டியில வைச்சே இறக்குங்கோ. பாரம் ஒண்டுதான்."

சிரித்தோம். ஆறாம் மாடி வந்தபோது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மனேஜ்மென்ட்டுக்கு எழுதினோம். பார்ட்ஸ் வரவேண்டுமாம். எங்கிருந்து... சந்திரனில் இருந்தா?

அப்போதுதான் சட்டமன்றத்துக்கு மனுக் கொடுக்க முடிவெடுத்தோம். லிஃப்ட் பழுதானால் இத்தனை நாளுக்குள் திருத்தியே ஆகவேண்டும் என்று மாகாணம் கட்டாயப்படுத்த வேண்டும் - அவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. கையெழுத்துச் சேர்க்கும் பொறுப்பை எட்டாம் மாடிச் செல்வம் அண்ணை எடுத்தார். கோயில் திருவிழாவோ செத்த வீடோ, முன்னுக்கு நிற்பவர் அவர்தான். இரண்டே பின்னேரத்தில் இருநூறு கையெழுத்து. நானே பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அலுவலகத்தில் இருந்த பிள்ளையின் பெயர் வாணி. இங்கே பிறந்தவள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு தாளை என் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், இதெல்லாம் ஒரே ஆள் சைன் பண்ணின மாதிரி இருக்கு."

பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து பெயர், ஐந்து கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சுழி. மனைவிக்கும் மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வீட்டுக்காரரே போட்டிருக்கிறார். ஆள் வீட்டில் இல்லாத இடங்களில் செல்வம் அண்ணை போட்டிருக்கிறார்.

"குடும்பத்துக்கு ஒராள் வைச்சாக் காணாதோ பிள்ளை?"

"நோ அங்கிள். ஒவ்வொரு ஆளும் தாங்களேதான் சைன் பண்ணவேணும். தட்ஸ் த ரூல். அப்ப எலெக்சன்லயும் முழு வீட்டுக்கும் நீங்களே வோட் போடுவீங்களா?"

ஏழாவது வரியை விரலால் மறைத்தேன். அதில் என் மனைவியின் பெயர் இருந்தது. என் கையெழுத்தில்.

நீங்களும் செய்திருப்பீர்கள். பொய் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடக் கடிதத்தில், சங்கப் பதிவில், எங்கே அந்தப் பழக்கம் இல்லை? சட்டமன்ற உறுப்பினர்கள் எங்கள் விழாவுக்கு வந்தால் மாலை போட்டுப் படம் எடுப்போம். அவர்கள் அந்தச் சபையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் முழிப்போம். ஒரு சட்டம் வர மூன்று வாசிப்பு உண்டு என்பதே வாணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வாசிப்பு என்றால் சட்டமூலத்தைச் சபையில் அறிமுகப்படுத்துவது. இரண்டாம் வாசிப்பில்தான் வேண்டுமா, வேண்டாமா என்ற வாக்குவாதம். பிறகு குழு. அங்கே நீங்களும் நானும் பெயர் கொடுத்துக் காத்திருந்து பேசலாம். மூன்றாம் வாசிப்பில் கடைசி வாக்கு. மூன்று தரம் வாசிப்பு என்று பெயர் - முழுதாக வாசித்தவர் எத்தனை பேரோ!

வாணி இன்னொன்றும் சொன்னாள். பத்து நாளில் சபை கோடை விடுமுறைக்கு எழும்புகிறது. அதற்குள் கொடுத்தால்தான் உறுப்பினர் மனுவைச் சபையில் வாசிக்கலாம். தவறினால் இலையுதிர்காலம். அதுவரை மேரி அன்ரிக்கு எத்தனை தரம் படி?

வீட்டுக்கு வந்து புதுத் தாளை நீட்டினேன். மனைவி கண்ணாடி போட்டு முழுவதையும் வாசித்தார்.

"முதல் தாளில என்ர பேரில ஆர் வைச்சது?"

"நான்தான்."

"ஏன், எனக்குக் கை முறிஞ்சு போச்சுதோ?"

கையெழுத்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். நான் தட்டினால் "அவர் வேலையால வரேல்லை" என்று சாத்தப்பட்ட கதவுகள் அவருக்குத் திறந்தன.

நாலாம் மாடியில் ரஞ்சினி என்று ஒரு பெண். அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை. "நான் வைச்சாக் கேஸில பிரச்சினை வருமோ அக்கா?" என்று கேட்டார். மனைவி அந்த இடத்திலேயே வாணிக்குப் போன் போட்டார். குடியுரிமை தேவையில்லை, மாகாணத்தில் வசித்தால் போதும் என்றாள் அவள். ரஞ்சினி மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

"இஞ்ச வந்து எத்தினை போர்ம் சைன் பண்ணியிருப்பன். எல்லாம் எனக்காக. மற்ற ஆளுக்கெண்டு வைச்சது இதுதான் முதல்."

செல்வம் அண்ணை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "நான் என்ன கள்ள வேலையோ செய்தனான்? எல்லாருக்கும் அலைச்சலைக் குறைச்சனான்." மூன்றாம் நாள் அவரே பேனாவோடு வந்தார். மேரி அன்ரியின் வீட்டில் அவர் பேனா பிடிக்கத் தடுமாறுவதைக் கண்டதும் பழைய குணம் வந்துவிட்டது.

"கஷ்டப்படாதேங்கோ அன்ரி, நான் வைக்கிறன்."

"விடும் செல்வம். எனக்குச் சிறுநீரகம்தான் பழுது. கை இல்லை."

நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. முதல் தடவையை விடக் குறைவு. ஆனால் அத்தனையும் கோணல்மாணலாக, வேறு வேறு பேனாவில்.

சபை எழும்புவதற்கு முதல் நாள் உறுப்பினர் எழுந்து எங்கள் மனுவை வாசித்தார். நாங்கள் பார்வையாளர் பகுதியில் இருந்தோம். ஒரு நிமிடம்தான். பாதிக் கதிரை வெறுமை. இருந்த பாதியிலும் பலர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கா பதினாறு மாடி ஏறி இறங்கினோம்?

வெளியே வந்து மேரி அன்ரிக்கு அழைத்தேன். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடி போனில் நேரலையாகப் பார்த்திருக்கிறார்.

"வாசிச்சவர் ஒரு நிமிசம்தான். ஆனா பேப்பர் உள்ளுக்குப் போச்சு. இனி அவை எழுத்தில பதில் தரவேணுமெல்லே?"

ஓம். தரவேண்டும். அமைச்சரின் எழுத்துப் பதிலுக்கு நாள் கணக்கு உண்டு, சபை கூடும் நாள்கள்தான் அதில் சேரும். அதற்கிடையில் இரண்டாவது லிஃப்ட்டுக்கு மெக்கானிக் வந்து போயிருக்கிறார். எங்கள் மனுவுக்குப் பயந்தா, சந்திரனில் இருந்து பார்ட்ஸ் வந்ததா - தெரியாது. இப்போதைக்கு ஓடுகிறது. மேரி அன்ரி மூன்று கிழமையாக நின்றபடியே இறங்குகிறார். இன்னொரு கட்டிடத்துப் பெண்கள் மனு எழுதுவது எப்படி என்று கேட்டு ரஞ்சினியிடம் வந்திருக்கிறார்கள்.

நேற்று நான் வீட்டில் இல்லாத நேரம் கூரியர்காரர் பார்சலோடு வந்து, கீழே நின்ற செல்வம் அண்ணையிடம் எனக்காக ஒரு கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அண்ணை மறுத்துவிட்டாராம். பார்சல் திரும்பிப் போய்விட்டது!