மஞ்சள் கடுதாசிக்காரர்

கடைப் படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலைத் தெருவிலேயே ஊன்றிக்கொண்டு கோமதிசங்கர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். நான் மஞ்சக் கடுதாசி குடுத்தவன். அதுக்குப் பொறவு உங்க இஷ்டம்."

அண்ணாச்சிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சீவலப்பேரியில் புதிதாக ஸ்டேஷனரிக் கடை போட்டிருப்பவர். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நோட்டு வேண்டும் என்றுதான் ஆள் விட்டிருந்தார். வந்த கமிஷன் ஏஜெண்டு எதற்காகத் தன் ஜாதகத்தை விரிக்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்கிறார். கோமதிசங்கர் ஏதோ நல்ல வார்த்தை கேட்டவர்போல் தலையாட்டிவிட்டு டி.வி.எஸ். வண்டியை மிதிக்கிறார்.

வீட்டில் மனைவி ஞானம்பாள் டீச்சர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சொன்னீங்களா?"

"சொல்லாம எப்படி?"

டீச்சர் மறுபேச்சுப் பேச மாட்டார். ஆனால் அன்று அடுப்படியில் பாத்திரங்கள் படுகிற பாட்டை அடுத்த வீட்டிலும் கேட்கலாம்.

தொண்ணூற்றிரண்டில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தபோது, சிந்துபூந்துறையில் இருந்த கோமதிசங்கரின் குடோனுக்குள்ளும் வந்தது. அடுத்த பள்ளிக்கூட வருஷத்துக்கென்று வாங்கி அடுக்கியிருந்த நோட்டுக் கட்டுகள் தண்ணீரைக் குடித்து உப்பிக் கதவை உள்ளிருந்து அடைத்துக்கொண்டன. உடைத்துத்தான் திறந்தார்கள். அத்தனையும் கடனுக்கு எடுத்த சரக்கு. சரக்குக் கொடுத்த சிவகாசிக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு அவரே வக்கீலைப் பிடித்து, 'என்னால் கொடுக்க இயலாது' என்று கோர்ட்டில் மனுப் போட்டார். ஊர் வழக்கில் அதற்குப் பெயர் மஞ்சள் கடுதாசி. வீடு போயிற்று. இருந்ததைக் கோர்ட் பிரித்துக் கொடுத்தது. தொண்ணூற்றாறில் நீதிபதி, இனி இவருக்கு இந்தக் கடனில் பொறுப்பு இல்லை என்று விடுவித்து உத்தரவு போட்டார். அன்று டீச்சர் நெல்லையப்பர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, தொலைந்தது சனி என்று நினைத்தார்.

எங்கே தொலைந்தது? பேப்பர் போடுகிறவருக்கு மாசக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்ளப் பொறுமை இருக்கிறது. இவருக்குக் கொடுக்காமல் இருக்கப் பொறுமை இல்லை. தினமும் காலையில் சில்லறையோடு வாசலில் நிற்பார். டீக்கடையில் கிளாசைக் கையில் வாங்கும் முன் காசு பலகையில் இருக்கும். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார மாட்டார். ஒருமுறை ரயிலில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாத தூத்துக்குடிக்காரரிடம், வாஞ்சி மணியாச்சி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். அந்த மனிதர் கடன் கேட்கப் போகிறார் என்று பயந்து வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறந்த இடம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம், "இவனத் தெரியும்லா? மஞ்சக் கடுதாசி" என்றார். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தவர், அன்றிலிருந்து முந்திக்கொள்ள ஆரம்பித்தார். "பொறத்தால பேசுததுக்கு முந்தி நாமளே சொல்லிட்டா வேல முடிஞ்சுல்லா."

"இப்ப யாரு பொறத்தால பேசுதா?" என்பார் டீச்சர். "பேசுனவரு செத்தே ரெண்டு வருசம் ஆச்சு."

அந்தச் சித்திரையிலேயே டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போய் ஆர்டரைக் கெடுத்துக்கொண்டு வருவதைவிட ஒரு கடையில் இவரை உட்கார வைத்துவிடலாம். பெருமாள்புரத்தில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மேலப்பாளையம் அசன் மைதீன் வரிசையாகக் கடைகள் கட்டியிருந்தார். துபாயில் சம்பாதித்தவர். டீச்சர் பி.எஃப். கடன் போட்டுப் பணத்தைப் புரட்டினார். போகும்போது பஸ்ஸிலேயே சொன்னார்.

"நான் பேசுதேன். நீங்க வாயத் தொறக்கப்பிடாது. தொண்ட கட்டியிருக்குன்னு சொல்லிருதேன்."

"பொய்யா சொல்லுவ?"

"அப்ப சும்மா இருங்க. சும்மா இருக்கது பொய் இல்லல்லா."

சும்மாதான் இருந்தார். வாடகை பேசி முடிந்தது. அட்வான்ஸ் கைமாறியது. அசன் மைதீன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

"பாய், ஒண்ணு சொல்லிருதேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். குடோன், வெள்ளம், வக்கீல் என்று ஒன்று விடாமல் வந்தது. அசன் மைதீன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கோர்ட்டுல முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு. மூணு வருசமாச்சு."

"பொறவு என்னத்துக்கு அதப் போட்டுக்கிட்டு? சாவிய எடுங்க."

கோமதிசங்கர் எடுக்கவில்லை. மறுப்பதற்கு, முகம் சுளிப்பதற்கு, யோசித்துச் சொல்வதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. முகம் சிறுத்துப் போனது.

"அப்படி லேசா விட்டிரப்பிடாது, பாய். நாலு எடத்துல விசாரிக்கணும். என்ன மாதிரி ஆளுகிட்ட இந்த அட்வான்ஸ் பத்தாது. கூடக் கேக்கணும் நீங்க."

அசன் மைதீன் கிளாசைக் கீழே வைத்தார். "ஏம்மா டீச்சர், இவுக உங்க பக்கமா, எம் பக்கமா?"

"அதத்தான் பாய் நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி, உங்க மனசுக்காவ ஒரு மாச வாடக கூட வாங்கிக்கிடுதேன். போதுமா?"

கோமதிசங்கர் நிம்மதியாகத் தலையாட்டினார். பணத்தை டீச்சர்தான் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பட்டுச் சேலைக்கென்று வைத்திருந்த பணம்.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "இது எத்தன வருசத்துக்குங்க? கோர்ட்டுக்காரன் விட்டுட்டான். ஊரு மறந்துட்டு. சிவகாசிக்காரன் தீவாளிக்கு வாழ்த்து அட்டை போடுதான். உங்களுக்கு மட்டும் எப்பதான் முடியும்? ஒரு கணக்குச் சொல்லுங்களேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரிஞ்சு குடுத்தா அது அவுக பாடு, ஞானம். தெரியாமக் குடுத்தா அது எம்பாடு. அன்னைக்கு எங்கிட்டக் குடுத்தவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா."

கணக்கு டீச்சர் கோபம் போக வழியில்லாமல், மீதிச் சில்லறை தராத கண்டக்டரைப் பாளையங்கோட்டை வரும்வரை வைது தீர்த்தார்.

வைகாசிக் கடைசியில் கடை திறந்தது. பெயர்ப்பலகையில் ஞானம்பாள் பெயர்தான். வந்தவர்களிடமெல்லாம் கோமதிசங்கர் வாயெடுக்க, டீச்சர் பின்னாலிருந்து, "விலையச் சொல்லுங்க" என்று அதட்ட, முதல் நாள் ஒருவழியாக நகர்ந்தது.

சாயங்காலம், தையல் வேலை செய்கிற அக்தர் பானு என்பவர் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் நோட்டு வாங்க வந்தார். கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. தொகையைச் சொன்னதும் பர்ஸைப் பார்த்தார். அடுக்கிலிருந்து பாதியை எடுத்து மெதுவாகத் தள்ளி வைத்தார். கோமதிசங்கர் தள்ளி வைத்ததை மறுபடி மேலே அடுக்கிச் சணலைச் சுற்றத் தொடங்கினார். உள்ளே லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த டீச்சர் பல்லைக் கடித்தபடி நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம் சொல்லிருதேன்" என்றார் அக்தர் பானு, துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு. "எங்க வீட்டுல அவுக சவூதியில இருந்து இப்ப கொஞ்ச நாளா பணம்..."

கோமதிசங்கர் இடது கையை உயர்த்தினார். பேச்சு நின்றது. சணல் முனையைப் பல்லில் கடித்து முடிச்சை இறுக்கி, நோட்டுக் கட்டை அந்தப் பெண்ணின் பக்கமாக நகர்த்தினார்.