இரண்டு சபைகளும் ஒரு மேஸ்திரியும்

என் கணவரைக் காணவில்லை என்ற செய்தியை என் வீட்டு வாசலில் நின்று சொன்னவர், தெய்வமே இல்லை என்று சொல்கிறவர். ஆகவே இந்தச் சாட்சியை அவரை விட்டுவிட்டு என்னால் சொல்ல முடியாது. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் பக்கம் வந்து சேர்ந்து ஓரிரு வருஷமே ஆகியிருந்த காலம் அது. நான் தென்காசியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் கணவர் சாமுவேல் ரயில்வேயில் கீமேனாக இருந்தார். செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் போகும் தண்டவாளத்தில் தினமும் அதிகாலையில் நடந்து, ஆணிகளையும் கட்டைகளையும் பார்த்துவருவது அவர் வேலை. வாரம் முழுவதும் அங்கேயே, தண்டவாள வேலையாட்கள் தங்கும் கேங் குடிசையில் தங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார்.

அவருடைய கேங் மேஸ்திரிதான் கந்தசாமி அண்ணாச்சி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கறுப்புச் சட்டைதான் போடுவார். வேலை செய்யும்போது என் கணவர் சபைப் பாட்டுப் பாடுவார், ராகம் தப்பும். "ஏலே சாமுவேலு, ஒங்க சாமிக்குக் காது இருந்தா இன்னேரம் எந்திரிச்சுப் போயிருப்பாரு" என்று அண்ணாச்சி கிண்டல் செய்வாராம். இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவர்கள்.

எங்கள் வீட்டில் அப்போது வேறொரு துக்கமும் இருந்தது. என் கணவரின் அக்கா, பாக்கியம் மதினி, நம் சபையை விட்டுப் புதுச் சபைக்குப் போய், சிற்றாற்றில் மூழ்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். "அப்ப சின்னப்பிள்ளையில அம்மா நமக்கு எடுத்து வச்சது என்ன, வெறுந் தண்ணியா?" என்று என் கணவர் கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. என் மாமியார் இறந்தபோது, கல்லறையில் யார் ஜெபிப்பது என்று இரண்டு சபை ஊழியர்களும் பிரேதத்தை வைத்துக்கொண்டே வாக்குவாதம் செய்தார்கள். ஒரே வேதப்புத்தகம், ஒரே கர்த்தர். நாலு வருஷம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விடாமல் பெய்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மத்தியானம் கந்தசாமி அண்ணாச்சி சைக்கிளில் வந்து இறங்கினார். அன்று அவருக்கு லீவு. ஸ்டேஷனுக்கு வந்த செய்தியைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தார்.

"தங்கச்சி, பதறாம கேளு. குகைப் பக்கத்துல மலை சரிஞ்சுட்டு. சாமுவேலு, சக்கரம் ஏறுனா வெடிக்கிற பட்டாச தண்டவாளத்துல வச்சு, கொல்லத்துல இருந்து வந்த வண்டிய நிறுத்திட்டான். வண்டில ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா அவனத்தான் காணல."

"அண்ணாச்சி, ஜெபம் பண்ணுங்க" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவே இல்லை.

"அது எனக்கு வராதும்மா. நான் மண்வெட்டி எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டு முழங்காலில் விழுந்தேன். ஜெபம் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற வாய், ஒரு வார்த்தை கிடைக்காமல் கிடந்தது. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே எண்ணினேன்.

அப்போது கதவு தட்டும் சத்தம். திறந்தால் பாக்கியம் மதினி. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறார்.

"ஏட்டி ரூபி, உள்ள வரலாமா?"

நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு இருவரும் முழங்கால்படியிட்டோம். அதிலும் ஒரு சிரமம். அவர்கள் சபையில் கைதட்டிச் சத்தமாக ஜெபிப்பார்கள். நாங்கள் புத்தகத்தைப் பார்த்து அமைதியாக ஜெபிப்போம். யார் ஆரம்பிப்பது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மதினி, என் மாமியார் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாகத் தொடங்கினார். நானும் சேர்ந்துகொண்டேன். முடிந்ததும் மறுபடி தொடங்கினோம். எத்தனை தடவை சொன்னோமோ! சாயங்காலத்துக்குள் இரண்டு சபைப் பெண்களும் என் வீட்டில் நிறைந்துவிட்டார்கள். இரண்டு சபை ஆண்களும் ஒரே லாரியில் ஏறிச் செங்கோட்டைக்குப் போனார்கள்.

மறுநாள் நடந்ததை என் கணவரும் மற்றவர்களும் சொல்லித்தான் அறிந்தேன்.

சரிவுக்கு அந்தப் பக்கம், பட்டாசு வைத்திருந்த கொல்லம் திசையில்தான் எல்லாரும் தோண்டிக்கொண்டிருந்தார்களாம். கந்தசாமி அண்ணாச்சி அதை நிறுத்தச் சொன்னார். "ஒத்தத் தண்டவாளம். ஒரு பக்கம் வண்டிய நிறுத்துனவன் மறுபக்கமும் நிறுத்தணும்லா? சாமுவேலு பாதி வேலையில நிக்க மாட்டான். செங்கோட்டைப் பக்கந்தான் ஓடியிருப்பான், அங்கன பாருங்க" என்றார். மேலிருந்த அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாச்சி கேட்கவில்லை. கேங் ஆட்களும் இரண்டு சபை ஆட்களும் அவர் பின்னால் போனார்கள்.

மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்தது. அண்ணாச்சி கையை உயர்த்தி, "எல்லாரும் சும்மா இருங்க" என்றார். தண்ணீர் போக வைத்திருந்த சின்னப் பாலத்தின் வாயை மண் அடைத்திருந்தது. அதற்குள்ளிருந்து ஈனக்குரலில் ஒரு பாட்டு.

"அவன்தாம்லே! இந்த எடத்துலதான் எப்பவும் ராகம் தப்புவான்!" என்று கத்திக்கொண்டு முதல் மண்ணை வாரினார் அண்ணாச்சி.

என் கணவர் உயிரோடு வந்தார். செங்கோட்டைப் பக்கம் ஓடும்போது மறுபடி மண் சரிய, அந்தப் பாலத்துக்குள் நுழைந்திருக்கிறார். வலது காலில் கல் விழுந்து எலும்பு முறிந்திருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அதற்குள் படுத்திருந்தவர், ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "அக்கா வந்திருக்காளா?" என்றுதான் கேட்டார். மதினி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். ஸ்தோத்திரம்!

ஆவணியில் அவர் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும், எல்லாருமாகக் குற்றாலத்துக்குப் போனோம். இரண்டு சபையாரும் கேங் ஆட்களும் அருவியில் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாரலில் நனைந்தபடியே சாப்பிட்டோம். எங்கள் சபை உபதேசியார், "பாத்தியளா, ஒரே விசுவாசம் நம்மள எப்படி ஒண்ணாக்குது!" என்றார்.

மதினி சும்மா இருக்கவில்லை. "அய்யா, அந்த விசுவாசம் நாலு வருசமா எங்க போயிருந்துச்சு?"

உபதேசியார் சிரித்துவிட்டார். நான் கந்தசாமி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்க ஆட்களை எது ஒண்ணா வைக்குது?"

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து யோசித்துச் சொன்னார். "தெய்வம் இல்லேங்கறது மட்டும் ரெண்டு பேரச் சேத்து வைக்காதும்மா. எங்கள்லயும் சண்டை போட்டு ரெண்டாப் போனவங்க உண்டு. கூட்டம் போடுதோம், ஒருத்தன் வீட்டுக் கல்யாணம்னா எல்லாரும் போய் நிக்கோம். சேந்து செய்ய ஒரு வேலை இருக்கணும். இருந்தா எவன்கூடயும் நிப்பேன். அன்னைக்கு ஒங்க ஆட்கள்கூட நிக்கலையா?"

"அவரு பொழச்சதுக்கு நீங்க யாருக்கு நன்றி சொல்லுவிய?"

"தோண்டுனவங்களுக்கு. ஒவ்வொருத்தன் பேரும் எனக்குத் தெரியும்."

எனக்கு அவர்கள் பெயர் ஒன்றுகூடத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தேவனுக்கு நன்றி சொன்னேன். அவர் அனுப்பிய ஆட்களை யாரென்று கேட்கவில்லை. "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சொல்லச் சொல்ல, மதினி தன் வேதப்புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டார்.

பிரியமானவர்களே, ஒரே விசுவாசம் இருந்தால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு வரவில்லை. ஆனால் என் வாய் அடைத்துப்போன நாளில், பிரிந்துபோன இருவருக்கும் மனப்பாடமாக ஒரு ஜெபம் இருந்தது. திரும்பி வர எங்களுக்கு ஓர் இடம் இருந்தது. அதைத் தந்தவர் கர்த்தர். அண்ணாச்சிக்கு அப்படி ஒன்று உண்டா என்று அவருக்காக நான் பதில் சொல்ல முடியாது. அவரிடம் இருந்ததைக் கொண்டு அவர் என் கணவரை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதுவும் என் ஜெபத்துக்கு வந்த பதில் என்று நான் நம்புகிறேன். அவரிடம் சொன்னேன். "நம்பிக்கோம்மா, நான் எதுக்குத் தடுக்கப்போறேன்" என்றார்.

இன்றும் மதினி செவ்வாய்தோறும் என் வீட்டுக்கு வருகிறார். அவர் சத்தமாக ஜெபிப்பார், நான் மெதுவாக ஜெபிப்பேன். பிறகு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். கந்தசாமி என்ற பெயர்தான் முதலில் வரும்.

உங்களில் யாருக்காவது வாய் அடைத்துப்போகும் கஷ்டம் வந்தால் பயப்படாதேயுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கர்த்தர் கேட்கிறார். அவரை நம்புங்கள். ஒருவேளை நீங்கள் நாலு வருஷமாகப் பேசாத ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். கஷ்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவர் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள்.