சீர் வேண்டாம், ஃபீஸ் கொடுங்கள் என்ற அக்கா

அக்கா போன பிறகு எல்லாரும் அவரைச் சிக்கனமானவர் என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. சிக்கனம் பிடிக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அக்காவுக்குப் பாதி வாழ்க்கை அதுகூட இல்லை.

திருமழபாடியில் பிறந்தவர். அப்பா இறந்ததும் அம்மா எங்கள் இருவரையும் பெரம்பலூர்ப் பக்கம் தன் பிறந்த ஊருக்கு அழைத்து வந்தார். அம்மாவும் அக்காவும் மக்காச்சோளக் காட்டில் கூலிக்குப் போனார்கள். கூலி அன்றைக்கே அரிசியும் எண்ணெயுமாகத் தீர்ந்துவிடும். எண்ணெய் சின்னப் பாக்கெட்டில், மிளகாய்த்தூள் பொட்டலத்தில். அப்படி வாங்கினால் விலை கூடுதல். இல்லாத வீடுதான் அதிக விலை கொடுக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

பிறகு அக்காவுக்கு ஷூ கம்பெனியில் மாதச் சம்பள வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் புதுத்துணி வரும் என்று நினைத்தேன். அக்கா மாதம் முழுவதற்குமான மளிகையை வாங்கி வந்து இறக்கினார்.

"இவ்ளோத்தையும் எங்கடி வைக்கிறது? வூட்டுல டப்பாகூட இல்லையே!" என்று அம்மா பதறினார்.

அடுத்தடுத்து முட்டை வந்தது, பால் வந்தது. சாப்பாட்டுக்குப் போக மிச்சம் என்ற ஒன்றை எங்கள் வீடு அப்போதுதான் பார்த்தது.

அந்த மிச்சத்தின் மேல்தான் சொந்தக்காரர்கள் கண். நான் வயதுக்கு வந்தபோது வசதியில்லாததால் மஞ்சள் நீராட்டு விழா நடக்கவில்லை. நான் பிளஸ் டூ முடித்ததும் தாய்மாமன் வந்தார்.

"அதான் வருமானம் வருதே. மண்டபம் புடிச்சு ஜாம்ஜாம்னு செஞ்சிருவோம்."

மண்டபம், பந்தி, பேனர் எல்லாம் எங்கள் செலவு. சீர்த்தட்டு மட்டும் அவருடையது. விழா நடந்தால் நான் நர்ஸிங் சேர முடியாது.

"சீரு கொண்டாறதா இருந்தா ஃபீஸா கொண்டாங்க மாமா" என்றார் அக்கா.

"தாய்மாமன் சீரையே வேணாங்குறியா? நாலு காசப் பாத்ததும் வாய் நீளுதோ?"

"வாய் எப்பவும் நீளந்தான் மாமா. காசுதான் இப்ப வந்துச்சு."

வைத்த டீயைத் தொடாமல் மாமா எழுந்து போனார். அக்கா கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. தாய்மாமன் இல்லாத மணமேடையில் அக்கா தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் படித்ததற்கு அக்கா கொடுத்த விலை அது.

பல வருடம் கழித்து அக்கா சிறுநீரகம் பழுதாகி, நான் நர்ஸாக வேலை பார்க்கும் அரியலூர் ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். ஊசி போட்டால், "மெதுவா குத்துடி. இதுக்கா ஃபீஸ் கட்டுனேன்?" என்பார். நான் நகர்ந்ததும் பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம், "எந்தங்கச்சிதாங்க" என்பார். தினமும் சொன்னார்.

கடைசிவரை உடனிருந்த அத்தானுக்கு நன்றி. ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழிகளுக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நன்றி. கோடித்துணி கொண்டுவந்து போர்த்தி, கால்மாட்டில் உட்கார்ந்து அழுத மாமாவுக்கும் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன்.

அக்கா மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கு எந்த மண்டபம் பிடிப்பது என்று யாரும் என்னிடம் பேச வர வேண்டாம். என் சம்பளத்தில் முதல் செலவு அவள் படிப்பு.