நூற்று இருபத்தேழு டிகிரி

"கல்லு எத்தனை பவுண்டுங்க? தண்ணி எத்தனை கொடமுங்க?" என்று கேட்டபடியே லட்சுமணசாமி பானையருகில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிறார். பீளமேட்டில் எங்கள் வீதியில் யார் வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் போட்டாலும் இதே கேள்விதான். கல் வெடித்துப் பொங்கும்போது மற்றவர்கள் விலகி நிற்பார்கள். அவரோ விரலால் மண்ணில் எழுதிக் கூட்டிக் கழித்து, சூடு எத்தனை டிகிரி ஏறும் என்று சொல்லிவிடுவார். இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

மனைவி ரங்கம்மாளுக்கு இது தீராத தலைவலி. "குளிக்கத் தண்ணி வெளாவறதுக்கும் கணக்குத்தானுங்க. இவரு கணக்கு முடியறதுக்குள்ள சுடுதண்ணி ஆறியே போயிருது."

லட்சுமணசாமி இன்டர்மீடியட் தேறாதவர். ரசாயனப் புத்தகத்தை மட்டும் கைவிடவில்லை. வேலை, மில்லில் நூல் வெளுக்கும் பிரிவில். பத்து பவுண்டு தண்ணீருக்கு ஒரு பவுண்டு காஸ்டிக் சோடா கரைக்க வேண்டும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் தானாகச் சூடாகும்.

போன மாதம் பழைய மரத்தொட்டிக்குப் பதிலாக ஐந்து மடங்கு பெரிய இரும்புத்தொட்டி வந்தது. மானேஜர் தம்பிதுரை மறித்துக்கொண்டார். சின்னத் தொட்டியிலேயே நாற்பத்தேழு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறுகிறதே, ஐந்து மடங்கு காஸ்டிக் போட்டால் ஐந்து மடங்கு சூடேறிக் கொதித்துவிடாதா என்பது அவர் கட்சி. பட்டம் வாங்கியவர்களும் தலையாட்டினார்கள். ஸ்டோர் குமாஸ்தாவான எனக்கு எரிச்சலாக வந்தது.

"அஞ்சு ஊட்டுச் சனம் விருந்துக்கு வந்தா அஞ்சு ஊட்டுச் சோறும் ஆக்கறமல்லங்க? தண்ணியும் அஞ்சு மடங்குங்க. பவுண்டுக்கு அதே சூடுதானுங்க" என்றார் லட்சுமணசாமி.

"பொங்குச்சுன்னா நீங்க ஊட்டுக்குப் போயர வேண்டியதுதானுங்க" என்றார் மானேஜர்.

தண்ணீர் எண்பது டிகிரியில் இருந்தது. லட்சுமணசாமி சுவரில் சாக்கட்டியால் 127 என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

நீளக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ்டிக்கைக் கொட்டிக் கலக்கினார். வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியது, நூற்றிருபதைத் தாண்டியது. பிறகு மெதுவாக ஏறி நூற்று இருபத்தைந்தில் நின்றுவிட்டது. கடைசிக் கரண்டியும் கரைந்தாயிற்று. வாசலில் ஒரே கைதட்டல். நானும் வெட்கமில்லாமல் கத்தினேன். மானேஜர்கூடச் சிரித்துவிட்டார்.

லட்சுமணசாமி சிரிக்கவில்லை. "ரெண்டு டிகிரி எங்கீங்க போச்சு?" என்று தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவரையும் தெர்மாமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டென்று தொட்டியின் பக்கவாட்டில் கை வைத்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

"இதைக் கணக்குல சேத்தாம உட்டுப்போட்டனுங்க" என்று சொல்லிக்கொண்டே, மானேஜரின் கையைப் பிடித்திழுத்துச் சூடேறிய இரும்பின்மேல் வைத்து அழுத்தினார்.