எங்களுக்குக் கொழுப்பு

என் பட்டறையில் லேத்துக்கு மேலே ஒரு பால் டின் தொங்குகிறது. அடியில் ஊசித் துளை. துளையில் திரித்த நூல். உளி இரும்பைச் சீவும் இடத்தில் அந்த நூல் வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் விழும். நசுங்கி, நிறம் போய், பார்க்க லட்சணமில்லாத சாமான். தூக்கி எறியச் சொல்லாதவர்கள் இல்லை. எறிய மாட்டேன். அதை அங்கே மாட்டியவர் பாய்.

பாயும் நானும் மலாயாவில், தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், ரப்பர் ஆலையின் பட்டறையில் ஒன்றாக லேத்து ஓட்டியவர்கள். கடலோர ஊரிலிருந்து வந்த அவருடைய சொந்தக்காரர்களெல்லாம் கடைக் கல்லாவில் உட்கார, இவருக்கு மட்டும் இரும்பு பிடித்துப்போயிற்று. எஃகில் திருகுப் புரி வெட்டும்போது உளி காயாமல் இருக்க எதையாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வந்த இஞ்சினியர் துரை அதற்கென்று பன்றிக் கொழுப்பு எண்ணெயை வரவழைத்தார். பொய் சொல்லக்கூடாது, புரி கண்ணாடி மாதிரி வரும். ஆனால் பாய் அதைத் தொட மாட்டேன் என்றார். தொடாதவனுக்கு வேலை இல்லை என்றார் துரை. பாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தார். பன்றிக் கறி எனக்குப் பிடித்த கறி. ஆனாலும் நானும் பின்னாலேயே நடந்தேன். பக்கத்தில் நிற்பவனின் சோற்றுக் கையை மதிக்காத இடத்தில் எனக்கென்ன வேலை?

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாசல்வரை வந்து வழியனுப்பினார். "ரெண்டு பேருக்கும் கொழுப்பு கூடிப்போச்சு. ஒரு மாசத்துல தொர காலடியில வந்து நிப்பீங்க."

"கொழுப்பு வேணாம்னுதானேங்க போறோம்" என்றார் பாய்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டே வந்தோம். வீடு வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. வேலையற்றவர்களைத் தோட்டங்கள் ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தன. சொந்தமாகத் தொழில் நிற்காவிட்டால் எங்களுக்கும் கப்பல், இல்லையென்றால் துரையின் காலடி.

தம்பினில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால், ஒரு சீனர் கழித்துக் கட்டிய கால்மிதி லேத்தை நிறுத்தினோம். முதல் வேலையை ஒரு மலாய்க்காரர் கொண்டுவந்தார். ரப்பர்ப் பாலைத் தகடாகப் பிழியும் கைமெஷினின் திருகு, புரி தேய்ந்திருந்தது. அதே போலப் புதிது வேண்டும். ஒன்றும் ஊற்றாமல் வெட்டினோம். உளி நீலம் பாய்ந்து மழுங்கியது. தண்ணீர் ஊற்றினோம், விடிந்தால் துரு. தேங்காயெண்ணெய் நன்றாகத்தான் வெட்டியது, ஆனால் இரண்டு வீட்டுச் சமையலுக்கும் இருந்தது அந்த எண்ணெய்தான். கடைசியில் சவுக்காரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியபோது புரியும் சுத்தம், துருவும் இல்லை. சின்னப் பிள்ளைகள் மாதிரி குதித்தோம். அப்போது சவுக்காரம் சீவிக்கொண்டிருந்த என் மனைவி, இதை எதில் செய்கிறார்கள் என்று சும்மா கேட்டாள். சந்தைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். ஏதாவது ஒரு கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சினால் சவுக்காரம் என்றார். இது மாட்டுக் கொழுப்பு.

இத்தனை காலம் அதைத்தான் உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்திருக்கிறேன். பாய் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குளித்தது தெரியாமல் செய்தது. தெரிந்தபின் நாளெல்லாம் அதில் கையை முக்கிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது என்று கத்தினேன். திருகுக்காரர் மறுநாள் வருவதாக இருந்தார். அவருக்கு மாட்டில் ஒரு தடையும் இல்லை, பாய்க்கும் இல்லை. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் சட்டியைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"எனக்காவ நீ பன்னிய விட்ட மாப்ளே. ஒனக்காவ நான் மாட்ட விட மாட்டேனா?"

திருகுக்காரரைப் பொறுக்கச் சொன்னோம். என் மனைவி தேங்காய் மட்டையை எரித்து, சாம்பலை ஊறவைத்துத் தெளிந்த நீரை எடுத்தாள். காரத்துக்கு அது, கொழுப்புக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய். முதல் சட்டி சேரவில்லை. அடுத்தது களி மாதிரி திரண்டது. பாய் பால் டின்னில் துளை போட்டு நூல் கோத்து மாட்டினார். வந்தவர் புதுத் திருகைத் தன் மெஷினில் ஏற்றிச் சுற்றிப் பார்த்து, "பாகுஸ்" என்றார், பிரமாதம் என்று அவர் பாஷையில். எனக்கு அழுகை வந்தது. வந்தால் என்ன?

துரையின் காலடிக்கு நாங்கள் போகவில்லை. அவர் தோட்டத்துத் திருகுகள்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. கொண்டுவந்தவர் அதே கிராணி. பாய் அவருக்கு நாற்காலி போட்டார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு லேத்தை மிதித்தேன்.

பாய் மண்ணுக்குள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பையன் லேத்துக்கு ஊற்றும் எண்ணெயை வேனில் விற்க வந்தான். தண்ணீரில் கலந்தால் பாலாக மாறுகிறது, நல்ல சரக்குதான். இதில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று கேட்டேன். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தான்.

"ஐயா மாட்டுக் கொழுப்பையில்ல கேக்கணும்?"

"அத அப்புறம் கேக்குறேன். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு."

தெரியாது என்றான். தெரிந்துகொண்டு வா என்று அனுப்பிவிட்டேன். வேனில் ஏறும்போது, கிழவனுக்குக் கொழுப்பு என்று அவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. இருக்கட்டும். சாம்பல் சவுக்காரத்தைக் கரைத்து டின்னில் ஊற்றி, லேத்தை மிதித்தேன்.