வாலுக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

மாயாண்டிக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகாமல், டவுன் பள்ளியில் வேற்றுமொழிப் பாடத்துக்குப் பழக்கும் ரிமூவ் வகுப்பில் இடம் பிடித்தான். குடியுரிமை இல்லாதவனின் சிவப்பு அடையாள அட்டையைக் குடிமகனின் நீல அட்டையாக்க ஆறு வருடம் அலைந்து அதையும் வாங்கினான். ஈப்போ விமான நிலையத்துக் கொட்டகையில் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு சுபாங் பெரிய விமான நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போனான். இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவையில் எஞ்சினியர் லைசென்ஸ் வாங்கினான். இத்தனையும் வாங்கினவனால் பயத்தை மட்டும் விட முடியவில்லை.

அந்தப் பயம் தோட்டத்தில் பிடித்தது. 1970-இல், பால்மரங்களின் இலைநோய்க்குக் கந்தகத்தூள் தூவ ஒரு சின்ன விமானம் வந்தது. அவனும் அக்கா வீரம்மாவும் பால் வாளியோடு நிறையில், மரவரிசைக்கு நடுவில், நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தாழ வந்த விமானம் மேலே ஏறவில்லை. மரங்களுக்குள் போய்விட்டது. வாலுக்குப் போகிற கேபிள் அறுந்திருந்ததாம் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல். காய்ச்சலில் அவன் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான்: "வாலுல என்னாக்கா கேபிளு?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் இந்த வேலைக்கே போனான் என்று வீரம்மா எல்லாரிடமும் சொல்வாள்.

தெரிந்துகொண்டது இதுதான். சின்ன விமானத்தில் பைலட்டின் கையில் இருக்கும் கம்பிலிருந்து இரண்டு எஃகுக் கேபிள்கள், சின்னச் சின்னப் புல்லிச் சக்கரங்கள் மேல் ஏறி இறங்கி, வால்வரை போகின்றன. சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி, கேபிளால் இழுக்க முடியும், தள்ள முடியாது. அதனால்தான் இரண்டு. கம்பைப் பின்னால் இழுத்தால் ஒன்று இழுபடும். வாலில் உள்ள பெல்கிராங்க், முழங்கை போல வளைந்த ஓர் உலோகத்துண்டு, திரும்பும். வாலின் பலகை மேலே தூக்கும். அதில் மோதும் காற்று வாலைக் கீழே அழுத்த, மூக்கு மேலே போகும். கம்பை முன்னால் தள்ளினால் மற்ற கேபிள் இழுபட்டு மூக்கு இறங்கும்.

சுபாங்கில் பெரிய விமானங்களைப் பார்த்தான். அவற்றின் பலகையைக் காற்றுக்கு எதிராக அசைக்க மனிதனின் கைபலம் போதாது. அங்கே பைலட் ஒரு வால்வைத்தான் திறக்கிறார். பம்ப் அழுத்தி வைத்திருக்கும் எண்ணெய் பாய்ந்து வந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பலகையைத் தள்ளும். ஒரு வழி எண்ணெய் ஒழுகிப்போனாலும் பிழைக்கத் தனியாக இன்னொரு வழி உண்டு. ஆனால் எண்ணெய் தள்ளும்போது காற்றின் கனம் பைலட்டின் கைக்கு வராது. அதற்காக ஸ்பிரிங் வைத்துக் கனத்தைச் செயற்கையாகக் கொடுத்திருந்தார்கள். மாயாண்டிக்கு அது பிடிக்கவில்லை. கேபிள் என்றால் வாலில் நடப்பது கைக்குத் தெரியும். தெரியாமல் இருப்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். ஈப்போவுக்கே திரும்பிவிட்டான்.

1983-இல் கொட்டகையில் நின்றது பாரிட் புந்தார் நெல்வயல்களுக்கு மருந்தடிக்கும் ஒற்றை இருக்கை விமானம். அதன் வால் கேபிள்களைப் புதிதாக மாற்றினார்கள். கேபிளில் கைவைத்தால் லைசென்ஸ் உள்ள இருவர் தனித்தனியே சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை எஞ்சினியர் டொமினிக் சனிக்கிழமை காலையிலேயே பார்த்துப் போட்டுவிட்டார். இரண்டாவது கையெழுத்து மாயாண்டியுடையது. லைசென்ஸ் வாங்கியபின் அவன் போடப்போகும் முதல் கையெழுத்து. திங்கட்கிழமை நிதானமாகப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூசை. ஸ்டோர்காரர் அர்ச்சுனன் ஸ்பேனர்களுக்கெல்லாம் பொட்டு வைத்தார். டொமினிக் மாதாகோயில்காரர், ஆனாலும் முதல் கைப்பிடிக் கடலை அவருக்குத்தான். சக்கரங்களுக்கு அடியில் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாயாண்டி அர்ச்சுனனின் காதோரம் போனான்.

"அண்ணே, வாலுக்குள்ளயும் ஒன்னு வையுங்களேன்."

"உள்ளயா? என்னா தம்பி, சாமிக்கு அம்புட்டு தூரம் கை எட்டாதா?"

"வையுங்கண்ணே. மனசு கேக்கல."

திறந்திருந்த வால் மூடி வழியாக, பெல்கிராங்குக்குப் பக்கத்துத் தட்டில் அர்ச்சுனன் ஒரு பழத்தை வைத்தார். பூசை முடிந்து எல்லாரும் கடலையோடு கலைந்தார்கள். மூடியைத் திருகி மூடியவன் மாயாண்டி.

திங்கட்கிழமை காலை வீரம்மா கேட்டாள். "என்னடா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு? கையெழுத்துதானே போடணும், பேரெழுதத் தெரியாதா?"

"பேரெழுதத் தெரியும்க்கா. எழுதிட்டா ஒரு ஆளு அத நம்பிப் பறப்பான்."

அந்த ஆள் பைலட் பாஸ்கல். கோப்பிக் குவளையோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "மாயாண்டி, சீக்கிரம் போடுலா. காத்து வந்துட்டா மருந்து பூராம் ஆத்துக்குத்தான் போவும்."

மாயாண்டி இருக்கையில் ஏறிக் கம்பைப் பின்னால் இழுத்தான். முழுக்க வந்தது. முன்னால் தள்ளினான். கடைசி ஓர் அங்குலத்தில் ஏதோ மெத்தென்று தடுத்தது. மறுபடி தள்ளினான். போனது. மூன்றாம் தடவை மறுபடி மெத்தென்றது.

"புதுக் கேபிளு, அப்புடித்தான் இருக்கும்," என்றார் டொமினிக். "நான் பாத்தப்ப சுத்தமா போச்சு."

அவர் பார்த்தபோது சுத்தமாகத்தான் போயிருக்கும். அது பூசைக்கு முன்னால். இரும்பு இரும்பில் இடித்தால் டக்கென்று நிற்கும். இது மெத்தென்று நிற்கிறது. மாயாண்டிக்கு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. இந்த விமானத்தின் வால், சின்னச் சக்கரத்தில் தரையோடு தாழ்ந்திருக்கும். வைத்த பழம் உருண்டிருந்தால் பின்னால்தான் போயிருக்கும். பின்னால் இருப்பது பெல்கிராங்க்.

வயலின் தலைக்கு மேல் பத்தடியில் பறக்கிற ஆளுக்குக் கம்பு ஒரு முறை சிக்கினால் போதும். மாயாண்டியின் கண்முன் அந்தத் தோட்டத்து மரங்கள் வந்து நின்றன.

சொன்னால் அர்ச்சுனன் அண்ணனுக்கு வேலை போகும். மூடியை மூடியவனுக்கு லைசென்ஸ் போகும். ஏதாவது சாக்குச் சொல்லி மூடியைத் திறந்து, பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. திருப்புளியைக் கையில் எடுத்தும்விட்டான். மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டான். விரலில் ஈரம் பட்டது. பழம் நசுங்கி, சாறு கேபிள் மேல் வழிந்திருந்தது.

பழத்தை எடுத்துவிடலாம், சாறு போகாது. புளிப்பு எஃகு இழைகளுக்குள் இறங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கேபிளை அவிழ்த்துத் துடைத்து இழை இழையாகப் பார்க்க வேண்டும். அதை ஒருவனாகச் செய்ய முடியாது, மறைத்தும் செய்ய முடியாது.

நசுங்கிய பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு டொமினிக் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, இது வாலுக்குள்ள இருந்துச்சு. நான்தான் வைக்கச் சொன்னேன். பாக்காம மூடுனதும் நான்தான். அர்ச்சுனன் அண்ணன ஒன்னும் சொல்லாதீங்க."

டொமினிக் பழத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பாஸ்கலின் கையில் குவளை பாதியில் நின்றது.

"இதோட நான் மேல போயிருந்தா?" என்றார் பாஸ்கல்.

டொமினிக் நேராகப் போய்ப் புத்தகத்தில் தன் கையெழுத்தை ஒரே கோட்டில் அடித்தார். "வைக்கிறப்ப நானும் கடல தின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்," என்றார். "கழட்டு. ரெண்டு பேரும் மொதல்லேருந்து பாப்போம். அர்ச்சுனா! இனிமே உன் பழம் சக்கரத்துக்கு மட்டுந்தான்லா."

"சாமி கேட்டா?" என்றார் அர்ச்சுனன், முகம் செத்துப்போய்.

"சாமிக்கு லைசென்ஸ் இருந்தா உள்ள வரச் சொல்லு."

பாஸ்கல்தான் முதலில் சிரித்தார். மாயாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கேபிளைக் கழற்றித் துடைத்தார்கள். விளக்கடியில் துணியால் உருவி உருவிப் பார்த்தார்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் சிக்கும், சிக்கவில்லை. மறுபடி மாட்டி, இறுக்கம் அளந்து, பூட்டுக்கம்பி முறுக்கினார்கள். டொமினிக் சோதித்தார். பிறகு மாயாண்டி கம்பைத் தள்ளினான், இழுத்தான், கை ஓயும்வரை. கடைசி அங்குலமும் தண்ணீர்போலப் போனது. மூடியை மூடுமுன் விளக்கை உள்ளே நீட்டி, மூலை மூலையாகக் கையால் தடவினான்.

கையெழுத்துப் போடும்போது அவன் கை நிதானமாக இல்லை. அதனால் பெயர் கொஞ்சம் கோணிக்கொண்டுதான் இருக்கிறது. பாஸ்கல் பறந்து, வயல் முடித்து, திரும்பித் தரை தொடும்வரை அவன் வாசலை விட்டு நகரவில்லை. கோணிய அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அவன் எழுதிய தேதி: 17 அக்டோபர் 1983.