வெள்ளைக் குட்டிக்கு நீண்ட மூஞ்சி

1. மெத்தை

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, முள்காட்டை ஒட்டி இருந்த பன்றிப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பன்றிப் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அப்போது பிறக்கவில்லை. முதல் நாள் கொட்டடிக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே சீமை வெள்ளைப் பன்றிகள் நெல் மூட்டை மாதிரி கிடந்தன. என்னோடு வேலை பார்க்க இருந்த முனுசாமி அண்ணன் ஒரு தாய்ப்பன்றியின் வயிற்றில் சாய்ந்து உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, பயந்துக்கினியா? இது பன்னி இல்லப்பா, மெத்த. வா, வந்து குந்து."

ஆலை கேன்டீன்களில் மிஞ்சிய சோறு லாரியில் வரும். தகர வாளியைத் தட்டினால் எல்லாப் பன்றியும் தொட்டிக்கு ஓடி வரும். குட்டி பிறந்த மறுநாள் அதன் ஊசிப்பல்லை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பால் குடிக்கும்போது தாயின் மடி கிழிந்துவிடும். வெட்டும்முன் தாயை அடுத்த அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் என்பது பண்ணை விதி. அங்கே யாரும் சாத்தியதில்லை. குட்டி எவ்வளவு கத்தினாலும் வெள்ளைத் தாய் ஓர் உறுமலோடு படுத்துக் கிடக்கும். சில தாய்கள் சொந்தக் குட்டி மேலேயே புரண்டு நசுக்கிவிடுவதும் உண்டு.

2. வேலி சாய்ந்த மழை

ஒரு மழையில் வேலி சாய்ந்தது. காலையில் போனால், முற்றத்தில் எங்கள் பன்றிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு காட்டுப்பன்றி. நம் பன்றிக்குக் கனமெல்லாம் பின்தொடையில். அதற்கோ தோளிலும் தலையிலும். தந்தம் உதட்டைத் தாண்டி வளைந்திருந்தது. எங்களைக் கண்டதும் முள்காட்டுக்குள் போய்விட்டது.

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து ஒரு பன்றி குட்டி போட்டது. காட்டுக் குட்டிக்கு முதுகில் வரி இருக்கும். அதுமாதிரி பிறக்குமோ என்று பயந்தோம். எல்லாம் வெள்ளை.

"சுத்த வெள்ளடா! காட்டுப்பன்னி சும்மா சுத்திப் பாத்துட்டுப் பூட்ச்சி!" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

மூஞ்சி மட்டும் நீளம். வால் சுருளவில்லை. வாளி தட்டினால், நாங்கள் விலகிப் போகிற வரைக்கும் அந்தக் குட்டிகள் மூலையில் நின்று பார்க்கும். சூப்பர்வைசருக்கு வெள்ளைத் தோலே போதுமாக இருந்தது. ஒரு பெட்டையை விற்காமல், குட்டி போடும் தாயாக வளர்க்க நிறுத்திக்கொண்டார்.

3. ஊசிப்பல்

அந்தப் பெட்டை வளர்ந்து முதல் ஈற்றில் ஐந்தே குட்டி போட்டது. மறுநாள் முனுசாமி அண்ணன் கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு அரைச்சுவரைத் தாண்டினார்.

"அண்ணே, கதவ சாத்திக்கினு பண்ணலாமே" என்றேன்.

"அட போப்பா! எங்க ஊட்டுக்காரி இதவிட ஜாஸ்தி உறுமுவா."

ஒரு குட்டியைத் தூக்கி நெஞ்சோடு பிடித்தார். அது வீல் என்று கத்தியது. தாய் உறுமவில்லை. அது சத்தமில்லாமல் எழுந்தது. முதுகு மயிர் நிமிர்ந்தது. வாயில் நுரை தள்ள, பல்லோடு பல் உரசுவது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி அண்ணன் சுவரோடு கிடந்தார். தொடை கிழிந்து காக்கி டவுசர் சிவந்தது. அது பின்வாங்கி மறுபடியும் பாய்ந்தது.

"ஐயோ, சாவடிக்குதுடா!"

நான் வாளியைத் தட்டினேன். அக்கம்பக்கத்து அறை வெள்ளைப் பன்றிகள் எல்லாம் தொட்டிக்கு ஓடி வந்து மூஞ்சியை நீட்டின. இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். குட்டி இன்னும் அண்ணன் கையில் கத்திக்கொண்டிருந்தது. பயத்தில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணே, குட்டிய வுடு! கீழ வுடு!"

அவர் காதில் விழவில்லை. சுவர் மேல் குப்புறப் படுத்து, வாளியால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். குட்டி வைக்கோலில் விழுந்தது. தாய் பாதிப் பாய்ச்சலில் நின்றது. குட்டியை மூஞ்சியால் தன் பக்கம் தள்ளி, அதன்மேல் காலை அகட்டி நின்றுகொண்டது. அண்ணனை அக்குளில் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். உயிர் தப்பினார்; நடை மட்டும் சாய்ந்துவிட்டது. பண்ணைக்கு வந்த மாட்டு டாக்டர் சொன்னார்: "கடிக்கிறத ஒதுக்கிட்டு, சாதுவானத மட்டும் பெருக்கிப் பெருக்கி மனுஷன் உண்டாக்குன பன்னி நம்முது. எத்தனையோ தலமுறை ஆச்சு அதுக்கு. ஒரே ஈத்துல பாதி காடு திரும்பி வந்துடுச்சு. நீங்க நெறத்தப் பாத்து ஏமாந்துட்டீங்க."

அந்த ஐந்து குட்டியும் பிழைத்தன. ஒன்றைக்கூடத் தாய் நசுக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியபின் அண்ணன், சாய்ந்து பீடி குடித்த அந்த மெத்தைப் பன்றிக்கும் கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகே குட்டியைத் தொட்டார். நீங்களும் எந்தக் குட்டியைத் தூக்கினாலும் முதலில் தாயின் கதவைப் பாருங்கள். சாது என்று பேர் வாங்கியதானாலும் சரி.

இன்றும் தகர வாளி சத்தம் கேட்டால், ஓடி வராத அந்த ஒரு தாயைத்தான் என் கண் தேடுகிறது.